இது வேற பவர்

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? போனில் சொன்னால் என்னை முடிக்க விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் வேலையிடத்தில் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்தேன். பயப்படாதே, கையில் ஒரு கட்டு, அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரியில், "உனக்கு நினைவு தப்பியிருந்தால் யாரைக் கேட்பது?" என்றார்கள். அன்றே முடிவு செய்துவிட்டேன். அப்படி ஒரு நிலை வந்தால், என் வைத்தியத்தை நீதான் முடிவு செய்ய வேண்டும். பொங்கலுக்கு வந்ததும் உசிலம்பட்டி வக்கீலிடம் உன் பெயருக்கு பவர் பத்திரம் எழுதிவிடலாம்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "பவரா? கெணத்தடி நெலத்த எவனுக்குடா விக்கப் போற?" என்று குதித்தார். நம் எழுமலையில் பவர் என்றாலே நிலம்தானே! இது வேற பவர் என்று விளக்கினேன்.

"அண்ணன் நான் இருக்கையில பொண்டாட்டிக்கு எதுக்குடா?"

"நீங்க அழுதுருவீங்கண்ணே. அவ டாக்டரையே கேள்வி கேப்பா."

யார் வந்து சொன்னாலும் நான் மாற்றப் போவதில்லை.

ஆதாரில் உன் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து அனுப்பு. ஊர்க்காரர் யாராவது இங்கே வந்தால் சுண்டவத்தல் கொடுத்துவிடு. வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். இங்கே எதைச் சொன்னாலும் சரி, சரி என்கிறார்கள். என்னை மறுத்துப் பேசத்தான் ஆளில்லை.

உன்,
அழகுபாண்டி