நோன்பு நாளில் எடுத்த அளவு

பெப்ரவரி 21, 2025

வெட்டியதில் மிஞ்சிய காலின் சுற்றளவு முப்பத்திரண்டு சென்ரிமீற்றர். போன மாதம் முப்பத்தொன்று. கால் செய்யும் நிலையத்தில் அளவெடுக்கும் தர்சிகா உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு கிழமை விட்டு ரெண்டு தரம் ஒரே அளவு வந்தாத்தான் அச்சு எடுப்பம், சேர்."

முப்பத்தொரு வருடம் வாத்தியாராகப் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டவன் புள்ளிக்குக் காத்திருக்கிறேன்.

ஜூனில் வரும் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையில் புதுக் காலோடு வரிசையில் நிற்க வேண்டும். கதிரையில் இருந்து தொழுதாலும் கூடும், குற்றமில்லை என்கிறது மார்க்கம். கதிரையை எங்கே போடுவதென்று சொல்வது பள்ளி நிர்வாகம்: கடைசியில், செருப்புகளுக்குப் பக்கத்தில்.

மார்ச் 7

சீனி வருத்தக்காரருக்கு நோன்பு வேண்டாம் என்றார் டொக்டர். சரி என்றேன். ஆனாலும் நோன்பு பிடிக்கிறேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு நிலையத்தில் தர்சிகா கேட்டாள்: "வழமை போல சாப்பிட்டு, தண்ணி குடிச்சுத்தானே வந்தீங்க, சேர்?"

"ஓம், மகள்."

நோன்பா என்று நேரே கேட்க அவளுக்குக் கூச்சம். அதை நம்பித்தான் போனேன். உண்மை சொன்னால் நோன்புப் பெருநாள் முடிந்து வா என்பாள்; ஹஜ்ஜுக்குக் கால் வராது.

முப்பது. "நல்லா வத்தியிருக்கு!" என்று சந்தோஷப்பட்டாள்.

நோன்பை முறிக்காத பொய் எது என்று எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லை.

மார்ச் 21

முப்பது. அச்சு எடுத்தாயிற்று.

ஏப்ரல் 28

கால் வந்தது. ஏறவில்லை.

மூன்று தரம் அளந்தாள். முப்பத்திரண்டு. நோன்புப் பெருநாளோடு பகல் தண்ணீரும் தேத்தண்ணியும் திரும்பி வந்தன, காலும் பழையபடி ஊதிவிட்டது. அவளுக்கு அது எப்படித் தெரியும்?

"என்ட பிழைதான், சேர். நாடாவ இறுக்கிப் பிடிச்சிட்டன் போல."

மேலதிகாரி எல்லாருக்கும் முன்னால் ஏசினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கு மூன்று இறக்கை.

ஏப்ரல் 29

ஹாஜறாவிடம் மட்டும் சொன்னேன். "அல்லாஹ்வே! அந்தப் புள்ள ஏச்சு வாங்கக்குள்ள உங்கட வாயையும் வெட்டியா வெச்சிருந்த?"

என் மனைவிக்கு இலக்கியம் பிடிக்காது. அவளுக்கு அது தேவையுமில்லை.

மே 16

இப்போது தர்சிகா கோப்பு எடுத்துக் கொடுக்கிறாள். அளப்பது வேறு ஆள். கண்டால் இன்னும் எழும்பி நிற்கிறாள். ஏன்டா, வாயைத் திறந்தால் என்ன என்று என்னையே கேட்டேன்.

அளவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 7

ஹஜ்ஜுப் பெருநாள். கடைசி வரிசை, கதிரை. புதுக் கால் வர இன்னும் ஒரு மாதம். ஏறாத கால் வீட்டு மூலையில் நிமிர்ந்து நிற்கிறது.

பக்கத்துக் கதிரைப் பக்கீர் முகைதீன் குனிந்து, "அளந்த புள்ள பிழை உட்டுட்டாமே, சேர்?" என்றார்.

"இல்ல. நோன்போட போய் நான்தான் பொய் சொன்னன்."

அவர் வாயைத் திறக்குமுன் தொழுகை தொடங்கித் தக்பீர் கட்டிவிட்டார்கள். முன்வரிசைகள் நின்றன.

திங்கட்கிழமை நிலையத்தில், மேலதிகாரிக்கு முன்னால், தர்சிகாவையும் கூப்பிட்டு வைத்துச் சொல்ல வேண்டும். அதைக் கதிரையில் இருந்து சொன்னாலும் கூடும்.