பானெட் அசையவில்லை

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன வாரம் போனில் உன் குரல் கட்டியிருந்தது. கேட்டதற்கு ஏசி என்றாய். ஏசியோ, அழுதாயோ, எதுவாக இருந்தாலும் வெந்நீர் குடி. இங்கே எல்லாம் பழையபடிதான். முழங்கால் மாடி ஏறும்போது முணுமுணுக்கிறது, இறங்கும்போது சமாதானமாகிவிடுகிறது. தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணி இப்போதுதான் ஓடுகிறது. உன் சித்தி தன் வீட்டுக்கே வந்து இருந்துவிடச் சொல்லி ஓயாமல் நச்சரிக்கிறாள். அவள் வீட்டில் டிவி அணைகிற நேரமே கிடையாது, எனக்குத் தலை வெடித்துவிடும் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். நம் வீட்டில் நான் டிவியை ஓடவிட்டுவிட்டுச் சமையலறையில் நிற்கிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் அதே நாற்காலி, அதே கூட்டம். நாள் முழுக்க எத்தனை பேருக்கு எந்த ரூம், எந்த டாக்டர் என்று பதில் சொல்கிறேன், வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அதற்குப் பிறகு வாய்க்கு வேலையில்லை.

அன்றைக்கு நீ, "வண்டி போயிடுச்சாம்மா?" என்று கேட்டாய். "போயிடுச்சு" என்றேன். "சரிம்மா" என்றாய். அவ்வளவுதான் பேச்சு. போனில் எதைச் சொன்னாலும் நீ சரிம்மா சரிம்மா என்று வாங்கி வைத்துக்கொள்கிறாய், உள்ளே போகிறதா என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி. நீ ஊரைவிட்டுப் போனபோது உன் ரேஸ் கார் எந்தக் கோலத்தில் நின்றது என்று உனக்கே தெரியும். பழைய இரும்பு பானெட், முன்பக்க மட்கார்ட், டிக்கி மூடி எல்லாவற்றையும் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டாய், ஃபைபரில் புதுசு சொல்லியிருக்கேன், வந்துடும் என்றாய், அது வருவதற்குள் உனக்கு வெளிநாட்டு வேலை வந்துவிட்டது. ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் தோலுரித்த மாதிரி நிற்கும், நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். பிறகு ஒருநாள் பீரோ அளவுக்கு ஒரு பெட்டி வந்தது. லாரியிலிருந்து இறக்க வந்த இரண்டு ஆட்களும் பெரிய கனம் என்று நினைத்து மூச்சைப் பிடித்துத் தூக்கப் போய், அது காற்று மாதிரி எழும்ப, ஒருவர் பின்னால் சாய்ந்தே விட்டார். "உள்ள ஒண்ணுமே இல்லம்மா, உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க" என்று எனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். உன்னிடம் சொன்னதற்கு, வண்டியோட சேத்து யாருக்காவது குடுத்துடும்மா என்றாய். அப்படி அதை வாங்கிக்கொள்ள உன் ரேஸ் கிளப் மூலமாக வந்தவர்தான் அந்தப் பல் டாக்டர்.

அவரை உனக்கு முகம் மட்டும்தான் தெரியும் என்றாயே, நான் சொல்கிறேன் கேள். நாற்பது வயதிருக்கும், நல்ல மனுஷர், ஆனால் வாய் ஓயாது. எதிரில் இருப்பவர் பதில் சொல்ல முடியாத தொழிலில் இருந்து பழகிவிட்டது போலிருக்கிறது. அவருக்கு மூன்றாவது மாடியில் வீடு, வண்டி நிறுத்த இடமில்லை, அதனால் வண்டிக்கு அந்த ஃபைபர் உடம்பை நம் ஷெட்டிலேயே பூட்டி முடித்துவிட்டு எடுத்துப் போகிறேன் என்று கேட்டார். நானும் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மனைவியோடு காரில் வருவார். அந்த அம்மாள் இறங்கவே மாட்டாள், கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள். நான் ஒரு டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடலாம் என்றுதான் முதல் நாள் போனேன். அவர் பானெட்டை ஒற்றைக் கையால் தூக்கி வைக்கிறார், இந்தப் பக்கம் சரியானால் அந்தப் பக்கம் நழுவுகிறது, ஓடிப்போய் அந்தப் பக்கத்தை நகர்த்தினால் இந்தப் பக்கம் தொங்குகிறது. கனமே இல்லாததைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஒரு மனுஷர் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது அவர், "அம்மா, இதக் கொஞ்சம் பிடிங்களேன்" என்றார். அந்த ஷெட்டுக்குள்ளிருந்து அம்மா என்று ஒரு குரல் வந்து எத்தனை காலம் ஆயிற்று. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தேன். அதற்குப் பிறகு விடவில்லை.

ஃபைபர் சாமான் இப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும், கடையில் வாங்கிய மூடி மாதிரி வைத்தால் உட்கார்ந்துவிடும் என்று நினைத்தேன். ஓரமெல்லாம் பிசிறு, மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு இடத்தில் விரல் போகும், இன்னொரு இடத்தில் காகிதம்கூடப் போகாது. அவர் டேப் ஒட்டிக் கோடு போடுவார், நான் அசையாமல் பிடிப்பேன், கழற்றி வெளியே எடுத்துப் போய் ஓரத்தை அறுப்பார், தேய்ப்பார், மறுபடி வைப்போம், மறுபடி கழற்றுவோம். ஒரேயடியாக அதிகம் அறுத்துவிட்டால் போச்சு என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்தார். பல்லில் வேலை செய்கிற கை, அவசரப்படாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் மாஸ்க், கண்ணாடி, கையுறை எல்லாம் கொடுத்தார், எல்லாம் அவர் கிளினிக் சரக்கு, வீட்டு நிலைக்கண்ணாடியில் நான் என்னையே பார்த்தபோது யாருக்கோ பல் பிடுங்கக் கிளம்பியவள் மாதிரி இருந்தேன். அத்தனையும் போட்டும் ஊசி ஊசியான அந்த ஃபைபர் தூள் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது. அப்பா, என்ன அரிப்பு! நீ கிளப் வண்டிகளுக்கு ஃபைபர் வேலை பார்த்துவிட்டு வந்ததும் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் குளிப்பாயே, நான் பாத்ரூம் கதவைத் தட்டித் திட்டுவேனே, அது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. கையில் குத்தியதையெல்லாம் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுத்துவிட்டேன். பிடரிக்குக் கீழே இறங்கியதைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை, கை எட்டவில்லை, பார்த்துச் சொல்லவும் வீட்டில் ஆளில்லை. இரவெல்லாம் குப்புறப் படுத்திருந்து, திங்கட்கிழமை டியூட்டிக்குப் போனதும் நர்ஸிடம் முதுகைக் காட்டினேன். "என்ன ஆன்ட்டி, எங்க போய்ப் புரண்டீங்க?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டாள். அவள் விரல் பட்டதும் நான் மேசை ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். வலிக்குதா என்று கேட்டாள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசி நாள் ஒரு ரகளை நடந்தது. பானெட்டுக்குக் கீல் கிடையாதாம், நாலு மூலையிலும் துளை போட்டு இரும்புக் குச்சி மாதிரி ஒரு பின்னை மாட்டிப் பூட்டுவதுதானாம். வேலையெல்லாம் முடிந்து, வண்டியை ஏற்றிப் போக டிரெய்லர்காரரும் வாசலில் வந்து நின்றுவிட்டார், நான் ஈரத்துணியால் கடைசியாக ஒரு துடைப்பு துடைக்கிறேன், முன்பக்க இடது மூலையில் துணியின் நூல் எதிலோ மாட்டி இழுக்கிறது. குனிந்து பார்த்தால் துளையிலிருந்து ஓரம் வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு கீறல். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓரத்துக்கு ரொம்பக் கிட்ட துளை விழுந்துடுச்சும்மா, பரவால்ல, மீதி மூணு பின்னும் பிடிச்சுக்கும், ரேஸ் முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றார். ஓடும்போது இது பிய்த்துக்கொண்டு எழும்பினால் எங்கே போகும் என்று கேட்டேன். அவர் பேசாமல் முன் கண்ணாடியைப் பார்த்தார். அந்த வாய் ஓய்ந்து நான் பார்த்தது அப்போதுதான். விற்ற பொருள், எனக்கு என்ன உரிமை இருக்கிறது, ஆனாலும் ஷெட் வாசலில் போய்க் குறுக்கே நின்றுகொண்டேன். ரிசப்ஷனில் சண்டைக்கு வருபவர்களிடம் பேசுகிற குரல் எனக்கு ஒன்று உண்டு, அந்தக் குரலில், ஒட்டுப் போடாமல் வண்டி இந்த வாசலைத் தாண்டாது என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, டிரெய்லர்காரர் இன்னைக்கு விட்டா கிடைக்க மாட்டார், காலைல பிராக்டிஸ் போயிடும் என்று குரலை உயர்த்தினார். அந்தச் சத்தத்தில்தான் அவர் மனைவி முதன்முறையாகக் காரைவிட்டு இறங்கி வந்தாள். கீறலை விரலால் தடவிப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "பிராக்டிஸ் போனாப் போகட்டும், ஒட்டுங்க" என்றாள். அவர் டிரெய்லர்காரரைத் திருப்பி அனுப்பினார்.

ஒட்டுப் போடும்வரை அவள் என்னோடு சமையலறையில் இருந்தாள். ஷெட்டிலிருந்து அந்த ரெசின் பசை நாற்றம் வீடு முழுக்க வந்துகொண்டிருந்தது. "எனக்கு இந்த வண்டியப் பாத்தாலே பயமா இருக்குக்கா, அதான் இறங்கறதில்ல. உங்க பொண்ணு ஓட்டும்போது நீங்க எப்படி இருந்தீங்க?" என்று கேட்டாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டு இருந்தேன் என்றேன். சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருக்கவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, கண்ணு. மறுநாள் வந்து, ஒட்டு இறுகிவிட்டதைத் தட்டிப் பார்த்து, துளையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டு, இரும்புத் தகடு வைத்துப் பின்னை மாட்டி, வேறு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஷெட்டைக் கூட்டினேன். கூட்டி முடித்த பிறகும் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த இடம் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

ரேஸுக்கு வரச் சொல்லி அவள்தான் போன் செய்தாள். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், பிறகு புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நீ எத்தனை தடவை கூப்பிட்டும் வராதவள், நீ இல்லாதபோது போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இதை எங்கே போய்ச் சொல்ல. இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, அதே வெள்ளை உடம்போடு உன் வண்டி வந்தது. யார் முன்னால், யார் பின்னால், எனக்கு ஒன்றும் தெரியாது. என் கண் அந்த இடது மூலையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அது எதிரே வரும்போது மூச்சை நிறுத்திக்கொள்வேன், தாண்டியதும் விடுவேன். முடிந்தபோது அவருக்குப் பின்னால் இரண்டே வண்டிகள்தான். என்னவோ கோப்பையே வாங்கின மாதிரி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு தூரத்திலிருந்தே கத்தினார், "அம்மா, பானெட் அசையல!" என்று. அவர் மனைவி, மைத்துனர் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்தில் யாரையாவது இடித்து, பார்த்தீங்களா, பிடிச்சுக்கிச்சு பார்த்தீங்களா என்று கேட்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன், தெரிந்த முகம் ஒன்றுமில்லை. உனக்குப் போன் போட்டேன், அங்கே விடிந்திருக்காது, நீ எடுக்கவில்லை.

அப்போதுதான் மைக்கில் ஒவ்வொரு வண்டியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள், ஓட்டினது யார், கட்டினது யார் என்று. பல் டாக்டர் என்னிடம்கூடச் சொல்லாமல் கட்டினது நீ என்று உன் பெயரைக் கொடுத்திருக்கிறார். மைக்கில் பேசினவர் நடு எழுத்தை முழுங்கிவிட்டுத் தப்பும் தவறுமாகச் சொன்னார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்ததோ, உன் பெயரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். மைக் அத்தனை தூரத்தில் இருக்கிறது, அவருக்கு எங்கே கேட்கும். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு பெரியவர் கையில் இருந்த குடையை மடக்கிவிட்டு அக்கறையாகக் கிட்டே வந்து, "யாரக் கூப்பிடுறீங்க? புள்ள காணாமப் போயிடுச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, வெளிநாட்டுல இருக்கா" என்றேன். நீ போன நாளிலிருந்து உன்னைப் பற்றி எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், எல்லாம் "என் பொண்ணு, என் பொண்ணு" என்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா. வாயில் உன் பெயர் வந்ததும் எனக்கே புதுசாக இருந்தது. அந்தப் பெரியவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். கட்டினது உங்க பொண்ணா, உங்க பொண்ணா என்று கேட்டுக்கொண்டே வந்தார், நானும் ஆமாங்க ஆமாங்க என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

உன்னைக் கிளம்பி வா என்று சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே. உன் வேலையை நன்றாகப் பார். ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும், மனசுக்குப் பிடித்த நாலு பேரோடும் நீ இருக்க வேண்டும், அதுதான் நான் இரண்டு வேளையும் வேண்டிக்கொள்வது. கம்பளியைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு குளிரில் நடுங்காதே, எடுத்துப் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அவசரமாக வைத்துவிடாதே. நீ எடுத்ததும் முதலில் நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், என்னம்மா ஆச்சு என்று பயந்துவிடாதே, ஒன்றுமில்லை, சும்மாதான்.

ஆசையுடனும் ஆசிகளுடனும்,
உன் அம்மா