பதினான்காம் தேதி வரப்போகிறவர் என் தாயார் அல்லர்

அனுப்புநர்
தங்கள் அழைப்பாணையில் கண்ட நிறுவனத் தலைவரின் மகள்,
பத்தாம் வகுப்பு மாணவி,
அழைப்பாணை வந்த அதே முகவரி.

பெறுநர்
வருமான வரி அதிகாரி அவர்கள்,
அயல்நாட்டுப் பயணக் கப்பல்கள் பிரிவு,
துறைமுக வரி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: உல்லாசக் கப்பல் நிறுவனத்தின் தலைவர் என்று தங்கள் முன் வேறொருவர் வரவிருப்பதைத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: நிறுவனம் உண்மையிலேயே இங்கிருந்துதான் நடத்தப்படுகிறதா என்று விசாரிக்க என் தாயாரை நேரில் வரச்சொல்லித் தாங்கள் அனுப்பிய அழைப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வீட்டில் எல்லாரும் உறங்கியபின் கணக்கு நோட்டின் நடுத்தாள்களில் இதை எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் தாயார் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சர். அங்கே கணக்காளரான என் பெரியப்பா, அதாவது என் தாயாருடைய அக்காவின் கணவர், நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரை ஓர் உல்லாசக் கப்பல் நிறுவனத்துக்குத் தலைவராக்கினார். அந்நிறுவனத்தின் தலைமையகம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம்பியின் வண்ணப் பென்சில்களை ஒதுக்கிவிட்டு நிர்வாகக் குழு கூடும். குழு என்பது அவர்கள் இருவர்தான். முடிவுகள் வேறெங்கிருந்தோ தொலைபேசியில் வரும். என் தாயார் அவற்றைத் தட்டச்சு செய்து கையொப்பமிடுவார்.

2. இது எதற்கென்று நான் கேட்டபோது பெரியப்பா சொன்னார்: "கப்பல் ஊர் ஊரா சுத்தும் கண்ணு. பயணிங்க ஏறுற துறைமுகத்துல எல்லாம் டிக்கெட் வருமானத்துல வரி கேப்பாங்க. 'எங்க கம்பெனிய நடத்துறது இன்ன நாட்டுலேர்ந்து, அந்த நாட்டோட உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கு'ன்னு காட்டினா விட்டுருவாங்க. இங்க கப்பலோட அளவுக்கு ஏத்தபடி கொஞ்சம் கட்டினா போதும். மிதக்குறதுக்கும் வரிக்குன்னு ஒரு வீடு வேணும்ல? அது உங்க வீடு." அடுக்களையிலிருந்து என் தாயார், "அப்போ வீட்டு வாடகையையும் கப்பலையே கட்டச் சொல்லுங்க அத்தான்" என்றார். அன்று எல்லாரும் சிரித்தோம்.

3. சென்ற ஆண்டு என் தாயார் நுரையீரல் நோயால் வீட்டிலேயே இறந்தார். என் தந்தை அதே கப்பலில் மின்பணியாளர். ஒன்பதாம் நாள்தான் அவரால் கரைக்கு வர முடிந்தது. இறப்பைப் பதிய வேண்டாம் என்று பெரியப்பா அவரிடம் கூறினார். "தலைவர் இல்லேன்னா தலைமையகம் இல்ல. வரி பாக்கின்னு ஏதாவது துறைமுகத்துல கப்பலைப் பிடிச்சு வெச்சுட்டா உன் வேலை என்னாகும், யோசிச்சியா?" தந்தை பதியவில்லை. இப்போது மீண்டும் கடலில் இருக்கிறார்.

4. அதன்பின் நடந்ததாக உள்ள ஐந்து கூட்டக் குறிப்புகளிலும் என் தாயாரின் கையொப்பத்தை இட்டவள் நான். அவர் படுக்கையில் கிடந்தபோது என் மதிப்பெண் அட்டையில் அவருக்காக நானே கையொப்பமிட்டேன். அதைப் பெரியப்பா பார்த்துவிட்டார். பயத்தால்தான் இட்டேன் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. அத்தாள்களில் 'தலைவர் வரவேற்றார்', 'தலைவர் நன்றி கூறினார்' என்றிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வீட்டுக்கு வந்துபோவதுபோல் இருந்தது. நான் கையொப்பமிடாவிட்டால் வராமல் போய்விடுவார் என்று நினைத்தேன்.

5. இது உண்மையென்று தங்கள் கோப்பிலேயே பார்க்கலாம். என் தாயார் கடைசியாக நடத்திய கூட்டத்தில் இருமல் தாங்காமல் எழுந்துபோனார். எதையும் விடாமல் தட்டச்சு செய்பவர் ஆதலால் அதையும் எழுதிவைத்தார்: 'இருமல் காரணமாகத் தலைவர் ஐந்து நிமிடம் வெளியே சென்று திரும்பினார்.' பெரியப்பா அந்தத் தாளையே படியெடுத்துத் தேதியையும் தீர்மானத்தையும் மட்டும் மாற்றி வந்தார். அந்த வரி அப்படியே நின்றுவிட்டது. இறந்தபின் என் தாயார் ஐந்து முறை இருமியிருக்கிறார். ஐந்து முறையும் திரும்பி வந்திருக்கிறார். நான்காவது தாளில்தான் நான் அதைக் கவனித்தேன். அன்று முதல் அந்த மேசையில் என்னால் சாப்பிட முடியவில்லை. ஆயினும் ஐந்தாவதிலும் கையொப்பமிட்டேன்.

6. தங்கள் அழைப்பாணை வந்த அன்று பெரியப்பா சித்தியைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரே அச்சு. கண்ணாடிய மாட்டினா அவளேதான்" என்றார். சித்தி என் தாயாரின் தங்கை. எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர். "வேணாம் அத்தான், உடம்பெல்லாம் கூசுது" என்று அவர் கெஞ்சியும் பயனில்லை. ஒரு வாரமாக மாலைதோறும் சித்தி என் தாயாரின் கண்ணாடியும் சாம்பல் நிற மேல்சட்டையும் அணிந்து அவர் நாற்காலியில் அமர்கிறார். பெரியப்பா தங்களைப்போல் கேள்வி கேட்கிறார். "முடிவெல்லாம் நான்தான் எடுக்குறேன் ஐயா" என்கிறார் சித்தி. "இன்னும் மெதுவா சொல்லு. அவ அவசரப்படமாட்டா." மூன்றாம் நாள் குரல் அச்சாக வந்துவிட்டது.

நேற்று சித்திக்கு உண்மையாகவே இருமல் வந்தது. உள்ளறையில் படுத்திருந்த ஐந்து வயதுத் தம்பி, "அம்மா, வந்துட்டியா?" என்று ஓடிவந்து மடியில் முகத்தைப் புதைத்தான். சித்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். பெரியப்பா சொன்னது: "பாத்தியா? பெத்த புள்ளைக்கே வித்தியாசம் தெரியல."

7. ஐயா, பதினான்காம் தேதி வருபவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்வார். இருமினாலும் தாங்கள் நம்பிவிடக் கூடாது. தங்கள் கண்முன் ஒருமுறை கையொப்பமிடச் சொல்லுங்கள். அவருக்கு அது வராது. தங்களிடம் தரும் தாள்கள் எல்லாம் நான் முன்கூட்டியே கையொப்பமிட்டவையாக இருக்கும். அவர்மீதும் என் தந்தைமீதும் கடுமை காட்ட வேண்டாம் என்று வேண்டுகிறேன். தண்டனை உண்டென்றால் கையொப்பமிட்டவளுக்குத் தாருங்கள்.

8. இதற்குப் பதில் எங்கள் முகவரிக்கு அனுப்ப வேண்டாம். கடிதங்களைப் பிரிப்பவர் பெரியப்பா. நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் இதைத் தங்கள் அலுவலகப் பெட்டியில் போடுவேன்.

தம்பி இன்றும் அந்த நாற்காலியருகே உட்கார்ந்திருந்தான். அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கும் பதியப்படாத ஒன்றைத் தங்கள் கோப்பிலாவது பதியுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்: வெளியே சென்ற தலைவர் திரும்பவில்லை.

எனக்கென்று ஒரு கையொப்பம் நான் இன்னும் பழகவில்லை. எனக்கு வருவது அவருடையது மட்டுமே. அதை இனி இடமாட்டேன். ஆகையால் கீழே பெருவிரலைப் பதித்திருக்கிறேன்.

நாள்: பன்னிரண்டாம் தேதி
இடம்: தலைமையகம் எனப்படும் எங்கள் வீடு

இப்படிக்கு,
(இடது பெருவிரல் ரேகை)
மகள்