நீலக் கொக்கின் உரிமையாளர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நம்முடைய கைத்தெளிப்பான்கள் இரண்டாயிரத்து நானூறும் உங்கள் துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. நேற்று மாலை கப்பல் ஏஜெண்ட் அனுப்பிய சுங்க இலாகா அறிவிப்பில் அப்படித்தான் இருக்கிறது. பெட்டியில் உள்ள 'நீலக் கொக்கு' என்ற பெயரும் படமும் அந்த நாட்டில் வேறொருவருக்குப் பதிவாகியிருக்கிறதாம். யாருக்கு என்று போடவில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பதினெட்டு வருஷமாக நாம் விற்கிற பெயர். அந்தக் கொக்கைக் காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்தவனே நீதான். "கொக்கா இது, காத்துல பறந்த குடை மாதிரில்ல இருக்கு" என்று நம் பட்டறை மேஸ்திரி உன்னை ஒரு வாரம் ஓட்டினார்.

பதிவு அலுவலகம் உன் வீட்டிலிருந்து ஒரு பஸ்தான் என்று சொல்லியிருக்கிறாய். ஒருநாள் போய், யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து எழுது. போனில் கேட்டால் "பாத்துக்கலாங்க்கா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நம் சரக்கை விற்க நீ அங்கே இருக்கும்போது எனக்கு என்ன பயம்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பதினான்காவது மாடி, முன்னூறு பேர் டோக்கனோடு நிற்கிறார்கள். விவரம் சொல்ல நாளாகும் என்றார்கள்.

இந்த ஊர் நீ வந்து பார்த்தபோது இருந்ததுபோல் இல்லை. நீ ஆற்றைப் படகில் கடந்தாயே, அங்கே இப்போது இரண்டு பாலம். சட்டமும் அதே வேகம்தான். ஒரு பெயரை யார் முதலில் கண்டுபிடித்தார் என்று இங்கே கேட்பதில்லை, யார் முதலில் மனு கொடுத்தார் என்றுதான் பார்ப்பார்கள்.

வக்கீல் வைத்து அலைய வேண்டாம் அக்கா. சரக்கைத் திருப்பி வரவழைத்து, வேறு பெயரில் லேபிள் ஒட்டி அனுப்பிவிடு. தெளிப்பான் நன்றாயிருந்தால் எந்தப் பெயரிலும் போகும். மேஸ்திரிக்கு என் வணக்கம் சொல்.

உன் செல்லத் தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

உங்கள் ஊர்ப் பதிவேட்டின் சான்று நகல் வக்கீல் மூலம் திங்கட்கிழமை என் கைக்கு வந்தது. மனு கொடுத்து நான்கே வேலைநாளில் கொடுத்திருக்கிறார்கள். 'நீலக் கொக்கு', பெயரும் படமும், மூன்று வருஷத்துக்கு முன் உன் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன் அது நீயும் உன் கூட்டாளியும் நடத்தும் கம்பெனிக்கு மாறியிருக்கிறது. அப்படி ஒரு கம்பெனி இருப்பதே எனக்கு அந்த நகலைப் பார்த்துத்தான் தெரியும்.

கூடவே, பெயரை நீ பதிந்துகொள்ள நான் ஒப்புக்கொண்டதாக ஒரு சம்மதக் கடிதம். தாள் நம் பட்டறையின் தாள். அடியில் என் கையெழுத்து.

வக்கீல் அதை என் பக்கம் திருப்பி வைத்தார். "அம்மா, இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"மேல இருக்கிறது நீங்க எழுதினதா?"

"இல்ல. வெத்துத்தாள்ல போட்டுக் குடுத்தேன். தபாலுக்குக் காத்திருக்க வேண்டாமேன்னு."

"எத்தனை தாள்?"

"எண்ணல."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாற்பது பேருக்குச் சம்பளம் போடுகிறவள் அவர் எதிரில் கைநாட்டு மாதிரி உட்கார்ந்திருந்தேன். யாரை நம்பிக் கொடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கையெழுத்தே பொய் என்று நான் சொன்னால் பதிவு ரத்தாகும், உன்மேல் வழக்கு வரும். சம்மதம் கொடுத்தது உண்மை என்று சொன்னால் கொக்கு உங்களுடையது, சரக்கு போனது போனதுதான். ஆட்சேபம் கொடுக்க ஏப்ரல் 20 கடைசி நாள். இரண்டில் எதைச் சொல்லட்டும்? நீயே எழுது.

கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே இனி இடம் விடக்கூடாது என்று வக்கீல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அக்கா.


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

பதிவு அலுவலகத்துக்குப் போனேன் என்று எழுதினேனே, நான் போகவில்லை. போக வேண்டிய தேவை எனக்கு இல்லை என்பது இப்போது உனக்கே தெரியும்.

ஆரம்பத்தில் கெட்ட எண்ணம் இல்லை. இங்கே வெளியூர்ப் பெயர்களைத் தேடிப் பிடித்துத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவன் நம் கொக்கைப் பற்றி விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் பெயரில் பதிய நோட்டரி, முத்திரை, மொழிபெயர்ப்பு என்று ஐந்து மாதம் ஆகும். என் பெயரில் ஒரே நாள். வெளிநாட்டில் அந்தச் சரக்கைச் செய்கிறவரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். உன் தாளில் நானே டைப் அடித்தேன். அன்று மாலையே உனக்குப் போன் செய்தேன். நீ மழைத் தண்ணீர் பட்டறைக்குள் வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். அடுத்த வாரம் சொல்லலாம் என்று வைத்தேன். அந்த வாரம் வரவேயில்லை.

பிறகு கூட்டாளி வந்தார். அவர் முதல் போட்டார், நான் பெயரைப் போட்டேன். மதிப்பீட்டாளர் என்று ஒருவர் வந்து, கொக்குப் படத்தைப் பார்த்து, நான் பாதிக் கம்பெனிக்குச் சமம் என்று எழுதிக் கொடுத்தார். இந்த ஊரில் டாக்ஸி ஓட்டுகிறவர்கூட முதலாளி விசிட்டிங் கார்டு வைத்திருக்கிறார். பதினோரு வருஷமாக நான் அக்காவின் ஆள். அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன் அக்கா. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சுங்கத்தில் புகார் கொடுத்தது கூட்டாளி மட்டும் அல்ல. நானும் கையெழுத்துப் போட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். இங்கேயே தெளிப்பான் செய்யத் தொடங்கியிருக்கிறோம். உன்னுடையது வந்தால் எங்களுடையது நிற்காது என்று தெரியும்.

கையெழுத்தே பொய் என்று சொல்லிவிடு. எனக்கு வருவது வரட்டும். நேரில் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

தம்பி


மே 9

அக்காவுக்கு,

இந்த ஒரு மாதத்தில் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆனால் நீ கொடுத்த பிரமாண வாக்குமூலத்தைப் படித்தேன். பதிவு அலுவலகத்தில் கோப்பைப் பார்க்க அரைமணி நேரம் கொடுத்தார்கள். இந்த முறை உண்மையாகவே போனேன்.

'கையெழுத்து என்னுடையது. வெற்றுத்தாளில் போட்டேன், அது என் தவறு. மேலே எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. யார்மீதும் கிரிமினல் புகார் கொடுக்க விரும்பவில்லை.' நீ என்னிடம் எழுதிக் கேட்ட இரண்டையும் விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லியிருக்கிறாய்.

அதற்குக் கீழே, எதிர்மனுதாரருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்த கட்டத்தில் 'விற்பனை ஏஜெண்ட்' என்று எழுதியிருந்தாய். என்னைக் காப்பாற்ற எழுதினாயா, கைகழுவ எழுதினாயா என்று அங்கேயே நின்று யோசித்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று கோப்பை வாங்கிக்கொண்டார்கள்.

நேற்று நானும் வாக்குமூலம் கொடுத்தேன். சம்மதக் கடிதத்தை டைப் அடித்தது நான், உனக்குத் தெரியாமல் அடித்தேன், பெயர் உன்னுடையது. எழுத்தர் வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார். தெரிந்துதான் என்றேன். தொடர்பு என்ற கட்டத்தில் 'உடன்பிறந்த அக்கா' என்று எழுதினேன். இரண்டு வாக்குமூலத்திலும் அந்த ஒரு பதில்தான் ஒத்துப்போகவில்லை. அதைப் பற்றி விசாரணையில் கேட்பார்களாம்.

கூட்டாளி என் மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கம்பெனியில் இருந்தால்தான் எனக்கு இப்போது இங்கே தங்க அனுமதி. நாட்டை விட்டுக் கிளம்ப ஜூன் 12 வரை நேரம் இருக்கிறது. பதிவு ரத்து பற்றிய விசாரணை மே 22, காலை பத்து மணி. தீர்ப்பு அதிலிருந்து பதினைந்து நாளுக்குள். சரக்கு அதற்குப் பிறகுதான் வெளியே வரும். கிடங்கில் போய்ப் பார்த்தேன், பெட்டிகள் நனையவில்லை.

விசாரணையில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் 22க்கு முன்னால் எழுது. நீ என்னை ஏஜெண்ட் என்று சொன்னால் நானும் ஏஜெண்ட் என்றே சொல்லிவிடுகிறேன்.