துரைக்குப் போட்ட ஊசி

மார்ச் 3
துரை மறுபடியும் கூடத்தை நனைத்துவிட்டது. தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற கையோடு காலி. தின்பதில் குறைவில்லை, முதுகெலும்புதான் கையில் தட்டுப்படுகிறது. வெளிநாடு போகும்போது "கொஞ்ச நாள் பாத்துக்கோம்மா" என்று மகள் விட்டுப்போன நாய். கொஞ்ச நாள்! அவளுக்கென்ன.

மார்ச் 5
சர்க்கரை. நாய் டாக்டர் சொல்வதற்கு முன்பே நான் சொன்னேன். எனக்குப் பல வருடமாக இருக்கிறதே, தெரியாதா? இனி இரண்டு வேளையும் சாப்பாடு, பிறகு இன்சுலின். சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் அவருக்குப் போன் செய்ய வேண்டும். ஊசி பிடிப்பது எப்படி என்று எனக்கே வகுப்பெடுத்தார்! மருந்தை மட்டும் வாங்கினேன். தனி சிரிஞ்சு எதற்கு? வீட்டில் எனக்கு வாங்கியது பெட்டி நிறையக் கிடக்கிறது.

மார்ச் 6
எனக்குப் போட்டுக்கொண்டு, புதிதாக ஒன்றைப் பிரித்து அதற்குப் போட்டேன். முனகக்கூட இல்லை. வீட்டில் இரண்டு நோயாளி, ஒரு நர்ஸ்.

மார்ச் 19
தண்ணீர் குடிப்பது குறையவே இல்லை. டாக்டர் திரும்ப வரச்சொன்ன நாள் தாண்டிவிட்டது. போனால் இன்னொரு வகுப்பு. போகவில்லை.

ஏப்ரல் 8
கதவில் போய் முட்டிக்கொண்டது. இரண்டு கண்ணிலும் பால் படிந்தாற்போல் வெள்ளை. தூக்கிக்கொண்டு ஓடினேன்.
என் பையிலிருந்த சிரிஞ்சை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மனுஷங்க இன்சுலினுக்கானதும்மா. கோடு வேற கணக்கு. பத்துன்னு நீங்க இழுத்தா நாலுதான் உள்ள போகும். சர்க்கரை இறங்காமத்தான் கண்ணுல புரை விழுந்திருக்கு."
"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"
"சொன்னேம்மா."
சொல்லியிருப்பார். நான் எங்கே காது கொடுத்தேன்.

ஏப்ரல் 9
சரியான சிரிஞ்சு வந்தது. கோட்டை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

ஏப்ரல் 21
சர்க்கரை இறங்கியிருக்கிறது. பார்வை வரவில்லை.

ஏப்ரல் 26
மகள் வீடியோவில் வந்தாள். "துரை! டேய், இங்க பாருடா!" அது குரல் வந்த பக்கம் ஓடி, போனின் பின்புறத்தை முகர்ந்தது.
"என்னம்மா, என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்குது. மறந்துடுச்சா?"
"விட்டுட்டுப் போனா அப்படித்தான்" என்றேன்.
வைத்துவிட்டாள். துரை மேசைக்கடியில் அவளைத் தேடிக்கொண்டே இருந்தது. நான் ஏன் இப்படி—

ஏப்ரல் 27
நானே கூப்பிட்டேன். அங்கே தூங்குகிற நேரம். பதறிப்போய் எடுத்தாள்.
"அது உன்னை மறக்கலை. கண்ணு போயிடுச்சு. தப்பான சிரிஞ்சுல போட்டது நான்தான்."
மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, "போனை அதோட காதுகிட்ட வைம்மா."
வைத்தேன். என்ன பேசினாளோ, வால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.