காலியா விட்ட பதிமூணு கேள்வி

கோல சிலாங்கூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அன்பரசிக்கு அப்பா எழுதுறது. இங்கே நானும் அம்மாவும் சுகமா இருக்கோம், அங்கே மீரியில நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலின்னு படுக்காம நல்லா இருக்கணும்னு மாரியம்மாளைக் கும்பிட்டுக்கிட்டு ஆரம்பிக்கிறேன். கையில போன் இருக்க இந்த மனுசனுக்கு எதுக்குக் கடுதாசின்னு நீ நினைப்பே. போன்ல நான் ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள நீ சரிப்பா சரிப்பான்னு வெச்சிடுவே. வாய்ஸ் மெசேஜ் மூணு தடவை பேசி மூணையும் அழிச்சிட்டேன். அதான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்பப் பரவாயில்லை, ஆனா கம்போங் குவாந்தான் படகுத்துறைக் கடைக்குச் சமைக்கப் போறதை மட்டும் விடமாட்டேங்குறா, சொன்னா என் மேலதான் பாயுறா. போன வாரம் மூணு நாள் விடாத மழை, பின்னால வாய்க்கா நிரம்பி ரெண்டு வாழை சாஞ்சிடுச்சு. சபாக்குல இருக்கிற அத்தை போன் போட்டா உன் கல்யாணப் பேச்சைத் தவிர வேற பேச்சில்லை, புள்ள மேல்படிப்புக்குப் பரீட்சை எழுதப் போகுது, கொஞ்சம் சும்மா இருன்னுட்டேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நீ அந்த ஜிஆர்இ பயிற்சிப் பரீட்சையில 286 எடுத்திருக்கேன்னு உன் தம்பி கோகிலன் ரவாங்லேர்ந்து வந்தப்ப சொன்னான். நான் பெரிய மார்க்குன்னு நினைச்சுக்கிட்டுக் கோயில்ல உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டேன், பூசாரிகிட்டேயும் பீத்திக்கிட்டேன். அப்புறம்தான் அவன் மெதுவா சொல்றான், அடிமட்டமே 260லதான் தொடங்குமாம், உனக்கு வேண்டியது 310க்கு மேலயாம். நீ மனசு ஒடிஞ்சு, பரீட்சையை ரத்து பண்ணப் போறேன், அமெரிக்காப் படிப்பெல்லாம் நமக்கு வராதுன்னு அவன்கிட்ட அழுதியாம். அப்பாகிட்ட சொல்லிடாதேன்னும் சொன்னியாம். அவனால வயித்துல வெச்சிருக்க முடியலை, பாவம், அவனைத் திட்டாதே.

அவன் உன் ரிசல்ட்டைப் போன்ல திறந்து காட்டினான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கலர் தெரியும். சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு, நடுநடுவுல ஒண்ணுமே இல்லாம வெள்ளையா பதிமூணு. இது என்னடான்னேன். அக்கா தொடாம விட்ட கேள்விப்பா, தப்பாப் போட்டாலும் மார்க்கு குறைக்க மாட்டாங்க, எதையாவது போட்டிருக்கலாம் லா, ஏன் விட்டேன்னு கேட்டா தெரியாததுல கை வெச்சா அப்பா அடிப்பாருன்னு சொல்லிச் சிரிக்குதுன்னான். சொல்லிட்டு அவனும் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை, எழுந்து வெளியே போயிட்டேன்.

நீ அப்போ அஞ்சாம் வகுப்பு. அன்னிக்குக் காலையில தோட்டத்துல எண்ணெய்க்காக நான் வெட்டின செம்பனைக் குலைங்கள்ல நாலு பழுக்காத பச்சைக் குலைன்னு மேற்பார்வை பார்க்குற உடையப்பன் மண்டோர் அத்தனை ஆளுங்க முன்னால குலையைக் காலால உருட்டிக் காட்டி, கண்ணு இல்லையாடான்னு கேட்டாரு, சம்பளத்துலயும் பிடிக்கச் சொல்லிட்டாரு. வெந்து போய் வீட்டுக்கு வந்தா நீ குதிச்சுக்கிட்டு ஓடி வந்து, அப்பா, பரீட்சையில தெரியாத அஞ்சு கேள்விக்குக் குருட்டாம்போக்குல போட்டேன், மூணு சரியாயிடுச்சுன்னே. விட்டேன் ஒரு அறை. தெரியாததுல கை வெப்பியா, வெப்பியான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். அதோட நீ கை வெக்கிறதை விட்டுட்டே. பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம் சமயத்துல டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்க மக நிறைய கேள்வியைக் காலியா விட்டுட்டு வருதுன்னு சொன்னப்ப, என் மக நேர்மையான புள்ளன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்த முட்டாள் நான்.

உங்கிட்ட நான் பாதியைத்தான் சொல்லியிருக்கேன்மா. முப்பது அடி மரம், கீழே நின்னு நீளக் கழியில அரிவாளை மாட்டி அண்ணாந்து பார்த்தா மட்டை மறைக்கும், வெயில் கண்ணைக் குத்தும், குலை பழுத்திருக்கான்னு யாருக்குத் தெரியும்? தரையில எத்தனை பழம் உதிர்ந்து கிடக்குன்னு பார்ப்பேன், ஒரு குத்துமதிப்பு வெச்சு வெட்டிடுவேன். நல்லாத் தெரிஞ்சாத்தான் வெட்டுவேன்னு நின்னிருந்தா உங்க ரெண்டு பேருக்கும் சோறும் கிடையாது, புஸ்தகமும் கிடையாது. முப்பத்தொரு வருசம் குத்துமதிப்புலதான் பிழைச்சேன். அந்த நாலு பச்சைக் குலைக்கு உன் கன்னத்துல அறைஞ்சேன், சரியா விழுந்த குலையைப் பத்தி உங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை.

அதனால ரத்து பண்ணாதே. இன்னும் ஆறு வாரம் இருக்குன்னு கோகிலன் சொல்றான். இங்கிலீஷ் வார்த்தைதான் உனக்கு இடிக்குதாம், தினம் கொஞ்சமாவது படிக்கணுமாம், தப்பாப் போன கேள்வியையே திரும்ப எடுத்து ஏன் தப்பாச்சுன்னு பார்க்கணுமாம். அதெல்லாம் எனக்குத் தெரியாது, நீ பார்த்துக்கோ. எதையும் காலியா மட்டும் விடாதே. இது இருக்காது, இது இருக்காதுன்னு ரெண்டைத் தள்ள முடிஞ்சாலும் போதும், மிச்சத்துல ஒண்ணுல கை வை. தப்பாப் போகட்டும். அன்னிக்கு அடிச்சவன்தான் தப்பு பண்ணினவன், மன்னிச்சிடும்மா.

அம்மா எலுமிச்சை ஊறுகாயும் மிளகாய்த் தூளும் இதோட அனுப்புறா, ஊறுகாயில ஈரக் கரண்டி போடாதேன்னு எழுதச் சொன்னா. எடுத்த காரியம் கைகூடி, நோய் நொடி இல்லாம நீ நல்லா இருக்கணும்னு ரெண்டு பேரும் மனசார ஆசீர்வாதம் பண்றோம். மறந்துடாதே, அடுத்த பயிற்சி எழுதி முடிச்சா மார்க்கை எனக்குச் சொல்ல வேணாம், சொன்னாலும் புரியாது. எத்தனை கேள்வியை விட்டேன்னு மட்டும் சொல்லு. ஒண்ணுகூட விடலைப்பான்னு நீ சொல்ற அன்னிக்குத்தான் நான் அடிச்ச அடி எனக்கு ஆறும்.

இப்படிக்கு
உன் அப்பா
நல்லசாமி