பதினான்கு நாள் விதி

திருத்தணி
நவம்பர் 12

ஷாலினி அவர்களுக்கு,

சாமிநாதன் எழுதுவது. உறையின் பின்புறம் என் பெயரைப் பார்த்ததும் இதை ஓரமாக வைத்திருப்பீர்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால் கடைசி வரை படித்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட காகிதம் இணைக்க வேண்டியிருந்ததால் மெயிலில் அனுப்பவில்லை. ஹைதராபாத் முகவரியைக் கொடுத்தது உங்கள் அம்மா.

அவரைப் போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி மட்டும் குறையவில்லையாம். என்னைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு, "புது கம்பெனிகாரன் பழைய எடத்துல விசாரிச்சானாம் சார். கவனக்கொறவால டேட்டா அழிஞ்சு பூட்டுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். பதினேழாந்தேதிக்குள்ள இவ பதில் சொல்லணுமாம், இல்லன்னா வேல இல்லியாம். பொண்ணு சரியா சோறே துன்றதில்ல. அங்க நீங்க பெரியவங்க, ஒரு வார்த்த சொன்னா கேக்கமாட்டாங்களா?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும். இந்த வேலை தெரியாத யாரிடமாவது நீங்கள் இதைக் காட்ட நேரலாம்.

நம் நிறுவனம் எங்கோ இருக்கும் பெரிய கூடங்களில் மெஷின்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறது. கிளவுட் என்பது அவ்வளவுதான். எடுத்தவர்கள் அணைக்க மறப்பார்கள். மறந்ததற்கும் வாடகை ஓடும். அதைக் குறைக்க, தானாக ஓடும் விதிகளை நிரலாக எழுதும் வேலை எனக்கு வந்தது. பதினான்கு நாள் சும்மா கிடக்கும் மெஷின் பட்டியலில் ஏறும். அதை வைத்திருப்பவருக்கு மெயில் போகும். ‘வேண்டும்’ என்று ஒரு சொல் பதில் வராவிட்டால் மெயில் போன நாளையும் சேர்த்து மூன்றாவது வேலை நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மெஷின் அழியும், அதன் காப்பு நகல்களும் அழியும். நகல்களையாவது விட்டுவைக்கலாம் என்றேன். அதற்கும் வாடகைதானே என்றார் திலீப். மேலாளர் அவர், எழுதினேன். கடைசிக் காவலாக, அன்று அழியப்போகும் மெஷின்களின் பட்டியல் காலையில் எனக்கு வரும். எந்த வரியை நான் தடுக்கிறேனோ அது தப்பும்.

விதி நன்றாகவே வேலை செய்தது. அதில் பிழை இல்லை என்று இன்றும் சொல்வேன். ஏப்ரலில் அணித் தலைவர் பதவி உங்களுக்குப் போனது. எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம், எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு, வாரத்தில் மூன்று நாள் மின்சார ரயிலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். முப்பது வயதுப் பெண்ணை மேடம் என்று அழைக்கக் கற்றுக்கொண்டேன். மே மாதம் என் நிரலைச் சரிபார்த்தபோது, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ‘இப்போ யாராவது இதை இப்படி எழுதுவாங்களா?’ என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். பன்னிரண்டு பேர் அதற்குச் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றும் வரிசை மாறாமல் சொல்வேன்.

விதிக்குள் ஒரு விடுமுறைப் பட்டியல் உண்டு. அந்த நாட்கள் கணக்கில் சேராது. பொங்கல், தீபாவளியோடு ஆடிப் பரணியையும் ஆடிக் கிருத்திகையையும் நான் சேர்த்திருந்தேன். சென்னைக்காரர்களுக்கு அது தேவையில்லை. அந்த நாட்களில் லீவு போடுகிறவர்கள் நீங்களும் நானும்தான். ஜூன் மாதக் கூட்டத்தில் திலீப் அதைக் கண்டுபிடித்து, "இன்னா சாமி, உங்க ஊரு முருகருக்கு நீங்க மொட்ட போட்டா சர்வரும் மொட்ட போட்டுக்கணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அன்று மாலையே அந்த இரண்டு நாட்களையும் விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

உங்கள் மெஷின் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் ஓடும். மற்ற நாட்களில் சும்மா கிடப்பது போலத் தெரியும். ஒரு வாடிக்கையாளருக்காக நீங்கள் செய்த எட்டு மாத வேலை அதில் இருந்தது எனக்குத் தெரியும். முன்பு இரண்டு முறை அது பட்டியலில் ஏறியபோது உடனே பதில் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவது முறை, உங்கள் லீவின் முதல் நாளன்று மெயில் போனது. இரண்டாம் நாள் பரணி. மூன்றாம் நாள் கிருத்திகை. விதிக்கு இப்போது இரண்டும் வேலை நாட்கள்தான்.

இந்த வருடம் நான் லீவு போடவில்லை, வீட்டிலிருந்தே வேலை செய்தேன். கிருத்திகையன்று காலை ஏழே முக்காலுக்குப் பட்டியலைத் திறந்தேன். மூன்று வரிகள். ஒன்று திலீப் மறந்துபோன மெஷின். தடுத்தேன். இன்னொன்று பயிற்சி அணியினுடையது. அதையும் தடுத்தேன். மூன்றாவது உங்களுடையது. அதை அப்படியே விட்டேன்.

ஒன்பது மணி சுமாருக்கு எங்கள் தெரு வழியாக நீங்கள் வந்தீர்கள். மஞ்சள் புடவை, தோளில் புஷ்பக் காவடி. உங்கள் அம்மா தண்ணீர் கேட்டு என் வாசலில் நின்றார். மோர் கொண்டுவந்து கொடுத்தேன். "இன்னா சார், ஊரே மலையேறிகினு கீது, நீங்க லேப்டாப்பக் கும்பிட்டுகினு கீறீங்க" என்று அவர் சிரித்தார். நீங்கள், "செல்போன வீட்டுலயே வெச்சுட்டேன் சார். மூணு நாளா ஒரு மெயில்கூட பாக்கல. நிம்மதியா இருக்குது" என்றீர்கள்.

இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. உள்ளே மேசைமேல் பட்டியல் திறந்தே இருந்தது. உங்களிடம் சொல்லக்கூட வேண்டியதில்லை, உள்ளே போய் ஒரு வரியைத் தடுத்தால் போதும். கூட்டம் அதிகம், பார்த்துப் போங்க என்றேன். சொம்பைக் கழுவி வைத்தேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது உங்கள் வரி இல்லை.

அந்த வாடிக்கையாளர் விலகினார். அறிவிப்பைக் கவனிக்காதது உங்கள் தவறு என்று திலீப் எழுதினார். விசாரணையில் என்னைக் கேட்டபோது, விதி எழுதியபடியே நடந்தது என்றேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து அதற்குத் தலையாட்டினீர்கள். மறு வாரம் உங்களை அனுப்பிவிட்டார்கள்.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வருத்தமாவது வரும் என்று சில நாள் காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ரயிலில் இடம் கிடைத்தால் உட்காருகிறேன். எது பேசினாலும் வேறு யாரோ பேசுவது போலக் கேட்கிறது. உங்கள் அம்மாவிடம் பார்க்கிறேன் என்று சொன்னபோதும் அப்படித்தான் கேட்டது. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மலைப்படிகள் வழுக்குகின்றன என்கிறார்கள். நான் போவதில்லை.

இத்துடன் இரண்டு காகிதங்கள். ஒன்று அன்றைய பதிவின் அச்சு. நான் பட்டியலைத் திறந்த நேரம், தடுத்த இரண்டு வரிகள், தடுக்காத உங்கள் வரி எல்லாம் அதில் இருக்கின்றன. மற்றது என் வாக்குமூலம். நீங்கள் லீவில் இருப்பதும் போன் கையில் இல்லாததும் தெரிந்தே விட்டேன் என்று எழுதியிருக்கிறேன். இவற்றை நேற்று நம் அலுவலகத்திலும் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். ஆனால் அவர்கள் திலீப்பைக் கேட்பார்கள், அவர் இழுத்தடிப்பார், அதற்குள் பதினேழு வந்துவிடும். அதனால் நீங்களே புது இடத்தில் காட்டிவிடுங்கள். இரக்கப்பட்டு என் பெயரை மறைத்துக் காட்ட வேண்டாம். பெயர் இல்லாவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

என் வேலை போகும். நாற்பத்தொன்பது வயதில் வேறு இடம் கிடைக்காது. தெரிந்துதான் அனுப்புகிறேன். இதனால் உங்கள்மேல் எனக்கு இருந்தது தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மே மாதத்து அந்த வரி இன்னும் ஆறவில்லை. அது வேறு, இது வேறு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அம்மாவிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். போன வாரம் கிளம்பும்போது அவர் பையிலிருந்து நான்கு கொய்யாப்பழம் எடுத்து என் கையில் வைத்து, "நீங்க கீறீங்கன்றதுதான் சார் எங்களுக்குத் தைரியம்" என்றார். வாங்கிக்கொண்டேன். சொல்ல முடியவில்லை. அடுத்த முறை என்னைக் கண்டால் அவர் நிற்காமல் போகட்டும்.

உங்களுக்கு அந்த வேலை கிடைக்கட்டும். சாப்பாட்டை விடாதீர்கள். பதில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
மு. சாமிநாதன்